ஒலி வந்தது, ஆள் வந்தாரா?

ஒரு நையாண்டி மேளச் செட்டு என்றால் ஏழு பேர். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். கரகாட்டமும் சேர்ந்தால் பத்துப் பேரைத் தாண்டும். அத்தனை பேருக்கும் வண்டி, சாப்பாடு, சம்பளம். ஆக்டபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி என்றால் ஆள் ஒருவர். அவர் தோள்பையிலிருந்து எடுத்து வைக்கும் கருவிக்குள் தவில் இருக்கிறது, பம்பை இருக்கிறது, உறுமி இருக்கிறது. கமிட்டிப் பையன்கள் ஆசைப்பட்டால் ஆப்பிரிக்க ஜெம்பேகூட இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து அம்மன் கோயில் பொங்கல்களுக்கு வரி பிரிக்கும்போது போடப்படுகிற கணக்கு இதுதான். கிராமிய இசையை மின்னணு இசையோடு கலக்கலாமா என்று சென்னையில் கருத்தரங்கம் கூட்டுவதற்கு வெகு முன்பே, இங்கே வரவு செலவு நோட்டில் அதற்கு முடிவு எழுதியாகிவிட்டது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. மெஷின் வந்தது, மரபு செத்தது என்பது ஒன்று. எதை எதனோடு கலந்தாலும் அது வளர்ச்சி என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் ஒலி மட்டுமே கணக்கு. பதிவுக்கூடத்துக்குள் உறுமியின் சத்தம் மட்டும் போனதா, உறுமிக்காரரும் போனாரா? போனவர் "இந்த இடத்துல கொஞ்சம் ஓட்டத்தக் கூட்டணும் தம்பி" என்று சொன்னால் அங்கே கேட்க ஆள் இருந்ததா? பாட்டு காதுக்கு நன்றாக அமைவதும், அதில் வந்த பணமும் பேரும் சரியாகப் பங்காவதும் தொடர்பில்லாத இரண்டு விஷயங்கள் போலத் தோன்றும். கடந்த ஐம்பது வருடப் பாடல்களை எடுத்துவைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே அறையில்தான் கிடக்கிறது.

கம்ப்யூட்டரிலிருந்து கதையைத் தொடங்குவது தவறு. தென்மாவட்டக் கிராமங்களில் மின்சாரமும் மரபிசையும் முதலில் கைகோத்தது மைக்செட்டில். பனைமர உச்சியிலும் கோயில் மதிலிலும் கட்டிய குழாய்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் விடிகாலையில் ஊரை எழுப்பின. மார்கழியில் ஆண்டாளின் ஊரில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை இசைத்தட்டு. அது வெறும் ஒலிபரப்பு என்று நகரத்துக் காதுக்குத் தோன்றலாம். பால் கிரீன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் தமிழ்க் கிராமம் ஒன்றில் கேசட் போடப்படுவதைக் கூர்ந்து கவனித்து, 1999-இல் 'எத்னோமியூசிகாலஜி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குழாயில் கேசட் போடுவதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதல், மைக்செட்காரரும் ஒருவகைக் கலைஞர் என்ற திசையில் அவருடைய பார்வை போகிறது. எந்தப் பாட்டை எந்த நேரத்தில், எந்தப் பக்கம் திருப்பிய குழாயில், எவ்வளவு சத்தத்தில் வைப்பது என்பதற்கெல்லாம் ஊரில் இலக்கணம் உண்டு. சாமி அழைக்கும் நேரத்தில் தப்பான பாட்டைப் போட்ட மைக்செட்காரர் மறுவருடம் அந்த ஊருக்குள் வர முடியாது.

அந்தக் குழாய்கள் ஒலியைக் கெடுத்தன என்பதும் உண்மை. பம்பையின் அடிநாதம் அவற்றில் வராது. நடுத்தர, மேல்சத்தம் மட்டும் கிழிந்து வரும். ஆனால் அந்தக் கிழிசலே ஒரு அழகியலாக மாறிவிட்டது. காங்கோவின் கின்ஷாசா நகரத்தில் இதே கதை இன்னும் துணிச்சலாக நடந்தது. மவாங்கு மிங்கியெடி என்பவர் 1960-களில் தொடங்கிய கொனோனோ நம்பர் ஒன் என்ற குழு, கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பே என்ற சிறு வாத்தியத்தை வாசித்தது. நகரத்து இரைச்சலில் அது கேட்கவில்லை. பழைய கார் பாகங்களின் காந்தத்தைப் பிடுங்கி மைக் செய்து, ஒலிபெருக்கியில் கொடுத்தார்கள். சத்தம் கரகரவென்று சிதைந்து வந்தது. சிதைவை ஒழிக்காமல் அதையே தங்கள் இசையாக்கிக்கொண்டார்கள். 2004-இல் 'கொங்கோட்ரானிக்ஸ்' ஆல்பம் வெளிவந்தபோது ஐரோப்பிய எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் வியந்தார்கள். மூதாதையர் சடங்கு இசையைத் தெருவில் கேட்க வைக்கிற அவசரத்தில் பிறந்த ஒலி அது. அந்தக் கரகரப்பை எந்தத் தயாரிப்பாளரும் வெளியிலிருந்து வந்து கலந்து கொடுக்கவில்லை.

சினிமாவுக்கு வருவோம். இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோது நாட்டுப்புற மெட்டு சினிமாவுக்குப் புதிதல்ல. நாட்டுப்புறக் காது புதிது. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் வாசித்து வந்தவருக்குத் தெம்மாங்கு எங்கே இழுபடும், எங்கே வெட்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்தே வருடத்தில், 1986-இல், 'புன்னகை மன்னன்' கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேசப்பட்டது. அதே ஆண்டு 'விக்ரம்' தலைப்புப் பாட்டிலும் சிந்தசைசர் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் அவருடைய கிராமத்துப் பாடல்களில் தவிலும் உறுமியும் நேரில் உட்கார்ந்து வாசித்தவர்களின் கையிலிருந்தே பெரும்பாலும் வந்தன. மெஷினுக்கு ஒரு அறை, மேளத்துக்கு ஒரு அறை.

இரண்டு அறைக்கும் நடுச்சுவரை இடித்தவர் ஏ.ஆர். ரஹ்மான். 'கிழக்குச் சீமையிலே' 1993, 'கருத்தம்மா' 1994. கரிசல் புழுதியும் கீபோர்டு விரிப்பும் ஒரே பாட்டில் கேட்டது பலருக்கு அன்று கசந்தது. தேனி குஞ்சரம்மாளின் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸின் ராப்புக்கு நடுவே அந்தக் கிழவியின் தொண்டை புகுகிறபோது பாட்டே அவருடையதாகிவிடுகிறது. சிந்தசைசர் ஒதுங்கி வழிவிடுகிறது. கலைஞரை நெடுநேரம் இஷ்டத்துக்குப் பாடவிட்டு, வாசிக்கவிட்டு, பிறகு வேண்டிய துண்டுகளைப் பொறுக்கிக் கோப்பது ரஹ்மானின் பாணி. இதில் ஒரு லாபம் உண்டு: கலைஞர் தன் ஓட்டத்தில் இருக்கிறார். ஒரு நஷ்டமும் உண்டு: எந்தத் துண்டு எங்கே போகும் என்பது அவர் கையில் இல்லை. வாத்தியக்காரர்களின் பெயர்களைக் கேசட் அட்டையில் அச்சிடும் பழக்கத்தை ரஹ்மான் பரவலாக்கினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரும் அடக்கம்.

கூத்துக்காரர்களுக்கும் சாஸ்திரியக் கலைக்கும் நடக்கிற மோதலையே கதையாகக் கொண்ட 'சங்கமம்' 1999-இல் வந்தது. அதில் 'மார்கழித் திங்கள் அல்லவா' பாட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியின் திருப்பாவை முதலடியோடு தொடங்கி ரஹ்மானின் நவீன வாத்திய அடுக்குக்குள் நகர்கிறது. படம் ஓடவில்லை. கிராமத்துக் கலையின் மானத்தைக் காக்க எடுத்த படத்தில் கடைசியில் நின்றது பாட்டு மட்டுமே என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இனி, கலப்பு எங்கே சிக்குகிறது என்று கருவியை வைத்தே பார்க்கலாம். உறுமிக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் குச்சியால் அடி. மற்ற முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால்தான் அந்த உறுமல். அழுத்தம் கூடக் கூடச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஒரு உறுமலைப் போல அடுத்த உறுமல் இருக்காது. இதை மைக் வைத்து ஒருமுறை பதிந்து பேடில் ஏற்றினால், அழுத்தும்போதெல்லாம் அதே உறுமல், அதே நீளம், அதே ஏற்றம். காது முதலில் ஏமாறும். எட்டாவது முறை கேட்கும்போது கண்டுபிடித்துவிடும். தப்பு என்கிற பறைக்கு இன்னொரு சிக்கல். வைக்கோலைக் கொளுத்தித் தோலை வாட்டி எடுத்தவுடன் கணீரென்று இருக்கும் சத்தம், ஆட்டம் போகப்போகத் தொய்யும். மறுபடி தீயில் காட்டுவார்கள். பதிவில் இருப்பது அந்த நீண்ட இரவின் ஒரே ஒரு கணம்.

ஒலியை விடப் பெரிய சிக்கல் காலம். பெரும்பாலான இசை மென்பொருள்களைத் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 அடி, நாலு நாலாக என்று கட்டம் போட்டுத் தயாராக நிற்கும். நம்மூர்க் கும்மியும் தெம்மாங்கும் சினிமாக்காரர்கள் குத்து என்கிற நடையும் மூன்றின் குடும்பம். ஆறு துடிப்பை இரண்டு மூன்றாகவும் கேட்கலாம், மூன்று இரண்டாகவும் கேட்கலாம். பம்பை ஒரு கணக்கில் போக, தவில் இன்னொரு கணக்கில் வந்து முட்ட, தாளம் நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஆடுகிறவரின் இடுப்பு ஒன்றையும் கால் மற்றொன்றையும் எடுத்துக்கொள்கிறது. மேற்கு ஆப்பிரிக்க முரசு இசைக்கும் அடிப்படை இந்த மூன்று–இரண்டு மோதல்தான் என்பதால், கானா நாட்டு முரசுக் குழுவைக் கேட்கும் விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இதைக் கொண்டுபோய் நாலின் கட்டத்துக்குள் 'குவாண்டைஸ்' செய்தால், அதாவது ஒவ்வோர் அடியையும் பிடித்து அருகிலிருக்கும் கோட்டில் நிறுத்தினால், மோதல் போய்விடும். மிச்சமிருப்பது சுத்தமான, சலிப்பான டமடம.

வேகமும் அப்படியே. கரகாட்டத்துக்கு வாசிக்கும் மேளம் மெதுவாகத் தொடங்கி, ஆடுகிறவர் சூடேற ஏற, தானும் ஏறும். முடியும்போது தொடக்கத்து வேகத்தோடு சம்பந்தமே இருக்காது. க்ளிக் என்கிற தாளச் சொடுக்கு வைத்துப் பதிகிற கூடத்தில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே எண். தவில்காரரின் காதில் ஹெட்போனை மாட்டி அந்தச் சொடுக்குக்கு வாசிக்கச் சொல்வது, ஓடுகிறவரைத் தண்டவாளக் கட்டை எண்ணி ஓடச் சொல்வதற்குச் சமம். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. முதலில் மேளத்தை அதன் போக்கில் பதிந்துவிட்டு, அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து மென்பொருளின் கட்டத்தை அதற்கேற்ப வளைக்கலாம். இன்றைய மென்பொருள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. செய்வதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும், கலைஞருக்கு இரண்டாம் நாள் சம்பளமும் வேண்டும். பெரும்பாலான தயாரிப்புகள் இந்த மூன்றாவதில் நின்றுவிடுகின்றன என்பது என் ஊகம்.

ஆப்பிரிக்காவில் இதே சண்டை வேறு வேறு விதமாக முடிந்திருக்கிறது. கினி நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கதைப்பாடல் பாடும் குடும்பத்தில் பிறந்த மோரி காந்தே, 21 தந்தி கொண்ட கோரா வாத்தியத்தை டிஸ்கோ தாளத்துக்கு நடுவில் உட்கார வைத்து 1987-இல் 'யே கே யே கே' பாடினார். பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்ற முதல் ஆப்பிரிக்கத் தனிப்பாடல் என்று பேர் வாங்கியது. அதே ஆல்பத்தில் இருந்த 'தாமா' என்ற பாட்டு இந்தியாவுக்குச் சொல்லாமல் வந்தது: 1990-இல் 'தானேதார்' இந்திப் படத்தில் 'தம்மா தம்மா'வாகவும், 1991-இல் 'ஹம்' படத்தில் 'ஜும்மா சும்மா'வாகவும். தாமா என்பது அக்குளில் இடுக்கி, கயிற்றை நெருக்கிச் சுருதியை ஏற்றி இறக்கிப் பேச வைக்கிற முரசு. நம் உடுக்கைக்கு நெருங்கிய உறவு. இந்திப் படத்தில் எடுத்தாண்டது அதன் மெட்டை. உடுக்கை இனத்தின் அந்தப் பேச்சு யாருக்கும் தேவைப்படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நோஸின்ஜா இன்னொரு விதம். லிம்போபோ பகுதியின் ஷங்கான் மக்களின் ஆட்ட இசையை எடுத்து, மரிம்பாவைக் கீபோர்டு ஒலியாக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 180 அடிக்கும் மேலே ஏற்றினார். முரசுக்காரரும் இல்லை, மரிம்பாக்காரரும் இல்லை. நான் மேலே சொன்ன வாதப்படி இது தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை, 2010-இல் லண்டனில் தொகுப்பாக வந்து உலகமே ஆடியது. காரணம், கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தவரே அந்த ஆட்டத்துக்குள் பிறந்தவர். எந்த அடி போனால் கால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஆள் வருவது என்றால் தோற்கருவியைத் தூக்கிக்கொண்டு உடம்பு வருவது மட்டுமில்லை. எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த மண்ணுக்காரர் கையில் இருப்பது. இன்று உலகைச் சுற்றுகிற தென்னாப்பிரிக்க நடன இசையான அமாபியானோவின் 'லாக் டிரம்' (கட்டை முரசு) பெயரில்தான் மரம். ஒலி மென்பொருளுக்குள்ளிருந்தே வந்தது. ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்துக் குடியிருப்புப் பையன்கள் அதைத் தங்கள் நடைக்கு ஆட்டிப் படைத்தார்கள். அல்ஜீரிய ராய் பாடகர்கள் சுருதி திருத்தும் ஆட்டோ-டியூனை எடுத்துக் குரலின் நெளிவை மறைக்காமல் மிகைப்படுத்திக் காட்டியதும் இப்படித்தான். நம்மூரில் ஒப்பாரிக் குரலின் இழுவையை நேராக்க அதே கருவி பயன்படுகிறது.

ஆப்பிரிக்கத் தாளம் தமிழ்ப் பாட்டுக்கு நேரடியாக வந்த வழி ஒன்று உண்டு. அதைச் சென்னைக்காரர்கள் அநேகமாக மறந்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் காலம் தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இருக்கிறார்கள். மஞ்ஞா என்ற பாட்டு வகையை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் சேர்ந்து பைலாவாயிற்று. ஆறு துடிப்பு நடை. அந்தப் பைலா யாழ்ப்பாண, கொழும்புத் தமிழ் இளைஞர்களிடம் வந்தபோது துள்ளிசை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி'யை இளையராஜா சேர்த்தபோது தமிழ்நாட்டில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது கட்டாயப் பாட்டாகிவிட்டது. நம் குத்து நடைக்கு அது எளிதாகப் பொருந்தியதற்குக் காரணம் இரண்டுமே ஆறின் பிள்ளைகள் என்பது. குஜராத்தில் பாவா கோர் தர்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் முகர்மான் முரசு அடித்து ஆடும் ஆட்டத்தைப் பதிந்து விற்பவர்கள் உண்டு. அந்த இசை இதுபோல வெகுஜனப் பாட்டுக்குள் இறங்கவில்லை.

வந்த வழியே திரும்பிப் போனதும் உண்டு. ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த லண்டன்காரி எம்.ஐ.ஏ. 2007-இல் வெளியான 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னை வந்து உறுமிக்காரர்களைக் கூட்டி வைத்துப் பதிந்தார். 'பாய்ஸ்' பாட்டின் முதுகெலும்பே அந்த உறுமிதான். 'பேர்ட் ஃப்ளூ'வில் 2003-இல் வந்த 'ஜெயம்' படத் திருவிழாப் பாட்டின் துண்டு. 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. அதே ஆல்பத்தில் நைஜீரிய வேருள்ள ஆஃப்ரிகன் பாய் வந்து ராப் பாடுகிறார். உறுமியை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளாமல் சோறாகவே வைத்த ஆல்பம் அது. சென்னைத் திரைப்படத் தயாரிப்புகள் பயந்து அடக்கி வைத்த கரகரப்பை அவர் ஏற்றி வைத்தார். கலவை அளவில் அதற்கு நிகராகத் தமிழில் அதிகம் வரவில்லை. ஆனால் உலகம் எம்.ஐ.ஏ.வைத் தெரிந்துகொண்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட அந்த உறுமிக்காரர்களைத் தெரிந்துகொள்ளவில்லை.

எந்த வாத்தியம் எங்கே நிற்கலாம் என்பது நம் ஊரில் இசைக் கேள்வி மட்டுமே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் கூம்புக் குல்லாய் அணிந்து கைத்தாளத்தோடு பாசுரத்துக்கு அபிநயம் பிடிக்கும் அரையர் சேவை சன்னிதியில் நடக்கிறது. பறைக்கு வெகுகாலம் சாவு வீடும் ஊர் எல்லையும்தான் இடம். 2024 டிசம்பரில் இளையராஜா அந்தக் கோயிலுக்கு வந்தபோது அர்த்தமண்டப வாசலில் நின்ற காட்சி நாடெங்கும் விவாதமானது. அங்கே எல்லோருக்கும் ஒரே நடைமுறைதான் என்று கோயில் தரப்பு விளக்கியது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் தான் இல்லை, பரவுவது பொய்ச்செய்தி என்று அவரும் சொல்லி முடித்தார். அவர் வந்திருந்ததே ஆழ்வார் பாசுரங்களுக்கு இசையமைத்த 'திவ்ய பாசுரங்கள்' நிகழ்ச்சிக்காக. அந்த விவாதத்தில் எல்லோரும் வாசலைப் பற்றிப் பேசினார்கள். பாசுரத்துக்கு அவர் போட்ட இசை எப்படி என்று யாரும் பேசக் காணோம்.

சாம்பிள் என்ற தொழில்நுட்பத்துக்கு இங்கே இரட்டை முகம். பறையின் சத்தத்தைப் பேடில் ஏற்றிவிட்டால், பறையைத் தொடக் கூசுகிறவர் விரலாலும் அதை அடிக்கலாம். தோல் இல்லை, தீ இல்லை, சாதி இல்லை. சத்தத்துக்கு விடுதலை கிடைத்தது என்று இதைச் சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். சத்தத்துக்குக் கிடைத்தது, அடித்தவருக்கு இருந்த ஒரே பிழைப்பும் போயிற்று. இதற்கு நேர் எதிர் வழியில் போனது பா. ரஞ்சித் முன்னெடுப்பில் டென்மா இசையமைப்பில் உருவான தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானாக்காரர்கள், ராப் பாடகர்கள், பறைக்காரர்கள், கிட்டார்காரர்கள் என்று 19 பேர். அயோத்திதாசர் வழி வந்த சாதியற்ற தமிழர் என்ற எண்ணமே குழுவின் பெயர். அங்கே பறையும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் முன்வரிசை. இசையளவில் எல்லாப் பாட்டும் தேறாது, சில கோஷமாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் சாவு மேளம் என்று பிள்ளைகள் எடுக்க மறுத்த கருவியைக் கல்லூரிப் பையன்கள் ஆசையாக எடுக்க அந்த மேடைக்குப் பங்குண்டு. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்ததும் இந்தக் காற்று திரும்பிய காலத்தில்தான்.

எங்கள் பக்கத்து மண்ணை ஒட்டிய படங்களில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் வேலை தனியாக நிற்கிறது. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் 'எங்கும் புகழ் துவங்க' பாட்டைக் கல்லூர் மாரியப்பனும் அந்தோணி தாசனும் பாடினார்கள். நெல்லைச் சீமைக் கோயில் மேடையை அப்படியே தூக்கி வந்ததுபோல இருக்கும். மைக்கின் கீறல்கூடத் துடைக்கப்படவில்லை. 'கர்ணன்' (2021) படத்தின் 'கண்டா வரச் சொல்லுங்க' கிடாக்குழி மாரியம்மாளின் குரலில். அவர் எடுக்கும் மூச்சுக்கும் நிறுத்துகிற இடத்துக்கும் பின்னணி காத்திருக்கிறது. மெஷின் காத்திருப்பது என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் பாட்டு அதுதான்.

அதே 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. பாடியவர்கள் தெருக்குரல் அறிவு, தீ, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியீடு மாஜா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து அறிவு வாங்கி வந்த நினைவும் ஒப்பாரியின் ஏக்கமும், கிளப்பில் ஆடத்தக்க தாளமும். யூடியூபில் 40 கோடிப் பார்வையைத் தாண்டியது. டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்தார். அதோடு தகராறும் வளர்ந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடினார், அறிவு இல்லை. பாட்டை யார் உருவாக்கியது என்று இரு தரப்பும் பகிரங்கமாக விளக்கம் எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வந்து, மூன்று வருடமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் பணம் வரவில்லை என்றார். நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டு, அதைப் பாடியவர்களுக்கே சொந்தமாகவில்லை. இசையாக அது வென்றது, மூவரும் ஒரே அறையில் இருந்ததால். காகிதத்தில் தோற்றது, காகிதம் வேறொரு அறையில் இருந்ததால்.

இந்தத் தோல்வி புதிதல்ல. ஜோஹன்னஸ்பர்க்கில் 1939-இல் சாலமன் லிண்டா பதிந்த 'எம்புபே'தான் பிறகு 'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். 1962-இல் ஏழையாகவே செத்தார். 'லயன் கிங்' படத்தில் வந்த பிறகு வழக்குப் போட்டு 2006-இல்தான் வாரிசுகளுக்குச் சமரசம் கிடைத்தது. டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இரட்டையர் 1992-இல் ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் குரல்களை மின்னணுத் தாளத்தில் கோத்து உலகப் புகழ் பெற்றார்கள். அவர்களுடைய பெரிய வெற்றிப் பாட்டான தாலாட்டு ஆப்பிரிக்காவுடையதே இல்லை. பசிபிக்கில் சாலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடி, ஹ்யூகோ ஜெம்ப் என்ற ஆய்வாளர் 1970 வாக்கில் பதிந்தது. எந்தக் கண்டத்துக் குரல் என்றுகூடக் கேட்டவர்களுக்குத் தெரியாமல் போனது, ஆள் வராமல் ஒலி மட்டும் வந்தால் எதுவரை போகும் என்பதற்கு அளவு.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஆக்கியது. ஏற்கெனவே 50 வருட உரிமை பெற்றிருந்த நிகழ்த்துகிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்றது. பாடகர்கள் சங்கம் வைத்து 2013 முதல் அதை வசூலிக்க இறங்கினார்கள். பம்பைக்காரருக்கு அன்று அப்படிச் சங்கம் இல்லை. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது என்பதால், முதலில் பதிவு செய்தவர் 'மெட்டு' என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ள வழி திறந்தே கிடக்கிறது. மேளக்காரர் பதிவுக்கூடத்துக்குப் போய் வாசித்துவிட்டு அன்றைய கூலியோடு திரும்புகிறார். கையெழுத்து போட்ட தாள் ஏதும் அவரிடம் இருப்பதில்லை.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அந்தச் சாலையில் இப்போது செண்டை மேளம் வந்து இறங்குகிறது. ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி அசைவு, படம் பிடிக்க அழகு. இரவானால் லைட்டும் பாக்ஸும் கட்டிய டிஜே வண்டி, பத்து மணிக்கு 2000-ஆம் வருடத்து ஒலிமாசு விதி வந்து நிறுத்தும் வரை. இரண்டுக்கும் நடுவில் நையாண்டி மேளம் நெருக்கப்படுகிறது. மெஷினால் மட்டும் நெருக்கப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். செண்டையில் மின்சாரமே கிடையாது. அதே சமயம், செட்டில் இரண்டாம் தவிலை எடுத்துவிட்டுப் பேடைச் சேர்த்துக்கொண்ட குழுக்களும் உண்டு. பேடை வாசிப்பவர் தவில்காரரின் மகனாகவே இருந்தால் மேளத்தின் ஏற்றத்தோடு அதுவும் ஏறும். முன்னே பதிந்து வைத்த டிராக்கை ஓடவிட்டு, அதன்மேல் தவில்காரரை வாசிக்கச் சொன்னால் ஏறாது. நோஸின்ஜாவுக்கும் டீப் ஃபாரஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தெருவில் இரண்டு பந்தலில் நடக்கிறது.

ஒன்று மட்டும் ஊர் நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்குப் பாராட்டாகச் சொல்லலாம். திருவிழா நோட்டீஸில் 'நையாண்டி மேளம்' என்று மொட்டையாகப் போடுவது குறைவு. இன்ன ஊர் இன்னார் குழுவினர் என்று ஊரும் பேரும் போடுவார்கள். நாயனம் யார், சிறப்புத் தவில் யார் என்றுகூடச் சில நோட்டீஸ்களில் தனி வரி இருக்கும். பணம் கொடுத்துப் பாட்டுக் கேட்கும் செயலிகளில் அதே தவில் ஒலிக்கும் பாட்டைத் திறந்தால் பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடலாசிரியர் பெயர், கம்பெனியின் பெயர் இருக்கின்றன. வாத்தியக்காரருக்கு இடம் ஒதுக்க அந்தச் செயலிகளில் வசதி இருக்கிறது. தமிழ்ப் பாட்டுகளில் அதை நிரப்பி அனுப்புகிற கம்பெனிகள் மிகக் குறைவு.